ஓய்வு பெறும் நாள், சேரும் நாளிலேயே தெரியும்

"எங்கள் ஊருக்கு இரவு ஒன்பதரைக்கு வர வேண்டிய கடைசி பஸ் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. டிப்போவில் கேட்டால் டிரைவர் இல்லை என்கிறார்கள். ஆனால் புதிய பஸ் வாங்குவதாக அடிக்கடி செய்தி வருகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்னும் ஐந்து ஆண்டிலோ பத்து ஆண்டிலோ எத்தனை ஆள் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். மற்ற பல தொழில்களைவிட இங்கே எளிதாகவே முடியும். ஒரு ஓட்டுநர் சேரும் அன்று அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதுகிறார்கள். எந்த ஆண்டு, எந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுவார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்த காலியிடம் வரும்போது, ஏதோ திடீரென்று வந்ததைப் போல எல்லோரும் திகைத்து நிற்பதைத்தான் நான் என் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன்.

நான் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்து, கடைசிப் பதினோரு ஆண்டுகளை வண்டிகளுக்கு ஆள் ஒதுக்கும் மேசையில் கழித்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர் பஸ்ஸைப் போன்ற எத்தனையோ நடைகளுக்கு (டிரிப்புகளுக்கு) எதிரே "ஆள் இல்லை, ரத்து" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த மேசையில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

மணி மூன்றே முக்கால். முதல் வண்டி நாலேகாலுக்கு வெளியே போக வேண்டும். நடத்துநர் டிக்கெட் மெஷினையும் பையையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநரிடமிருந்து போன் வருகிறது: அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார், வர முடியாது. மாற்று ஓட்டுநர் பட்டியலில் அன்றைக்கு இரண்டே பெயர்கள். இரண்டு பேரையும் நான் ஏற்கெனவே வேறு தடங்களுக்கு அனுப்பியாயிற்று. ஓய்வறையில், இரவு ஒன்றரை மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் போய் அவர் காலைத் தொட்டு எழுப்புகிறேன். "அண்ணே, ஒரே ஒரு நடை." அவர் எழுந்து, குழாயடியில் முகம் கழுவி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வண்டிக்கு நடக்கிறார். அவர் ஒரு முறைகூட மறுத்ததில்லை. அவர் மறுக்காததுதான் எனக்கு இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. அந்த வரம்பு யாருக்காக என்று சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கணக்கு. புரிவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. ஒவ்வொரு டிப்போவுக்கும் மாறும். 100 வண்டிகள் ஓடும் ஒரு டிப்போ, வண்டிக்கு இரண்டு ஷிப்ட். தினமும் 200 ஓட்டுநர்கள் சாலையில் இருக்க வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு "200 பேர் போதும், கூட ஒரு பத்துப் பேர்" என்பார்கள். ஆனால் வண்டி 365 நாளும் ஓடுகிறது, ஓட்டுநர் ஓடுவதில்லை. வார ஓய்வு 52 நாள். ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, பண்டிகை விடுமுறை, காய்ச்சல், பிள்ளையின் கல்யாணம் எல்லாம் சேர்த்து 40 நாள் என்று வையுங்கள். ஆக ஒருவர் ஆண்டுக்கு 273 நாள்தான் வேலைக்குக் கிடைப்பார். 200 ஓட்டுநர் இருக்கைகளை ஆண்டு முழுவதும் நிரப்ப சுமார் 267 பேர் வேண்டும்.

அதோடும் முடியவில்லை. பதிவேட்டில் ஓட்டுநர் என்று பெயர் இருக்கும். ஆனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாதவர்கள் உண்டு. இருபது ஆண்டு ஓட்டியவருக்கு முதுகுத்தண்டு தேய்கிறது, சர்க்கரை நோயால் கண் மங்குகிறது, விபத்தில் கால் போகிறது. அப்படிப்பட்டவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, வேறு பணி கொடுத்து அதே சம்பளத்தைத் தர வேண்டும் என்பது சட்டம். 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் இருந்தது, 2016-ம் ஆண்டின் சட்டத்திலும் இருக்கிறது. மிகச் சரியான சட்டம். ஆனால் அவர் டோக்கன் கொடுக்கும் இடத்திலோ காவல் பணியிலோ உட்காரும்போது, ஓட்டுநர் எண்ணிக்கையிலும் அவரையே தொடர்ந்து எண்ணிக்கொண்டிருப்பதுதான் தவறு. இலகுப் பணியில் 12 பேர், நீண்ட விடுப்பிலும் தற்காலிகப் பணிநீக்கத்திலும் 5 பேர், அயல்பணியில் (வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு) 4 பேர் என்று வைத்தால், 267 தேவை 288 ஆகிறது.

அந்த டிப்போவின் பதிவேட்டில் 250 பெயர்கள் இருந்தால் மேலிருந்து பார்க்கிறவருக்கு "200 இருக்கைக்கு 250 பேர் இருக்கிறார்களே, ஐம்பது பேர் உபரி" என்றுகூடத் தோன்றும். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு அன்றாடம் கிடைப்பது சுமார் 171 பேர். மீதி 29 இருக்கைகளுக்கு டபுள் டியூட்டி, அல்லது நடை ரத்து. அந்த ரத்து எங்கே விழும்? வசூல் அதிகம் வரும் பிரதான சாலையில் விழாது. கூட்டம் குறைந்த, தட்டிக் கேட்க ஆள் குறைந்த, இரவில் ஊருக்குள் போய்த் திரும்பும் தடத்தில் விழும். பொங்கல், தீபாவளி, திருவண்ணாமலை தீபம் என்று சிறப்புப் பஸ்கள் விடும் நாட்களில் அங்கிருந்துதான் முதலில் ஆளை எடுப்பார்கள். உங்கள் ஊர் ஒன்பதரை மணி பஸ் வாரத்தில் இரண்டு நாள் வராததற்கு இதைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, இந்தப் பள்ளம் எப்படி விழுந்தது? இதற்கு ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் தொடங்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் அண்ணா, கட்டபொம்மன், தந்தை பெரியார் வந்தன. தடங்களைத் தனியாரிடமிருந்து எடுத்து, ஊர் ஊராகப் பஸ் விட்ட காலம் அது. ஆட்களை மொத்தமாக எடுத்தார்கள். எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரே நேரத்தில் இருபத்தைந்து வயதில் உள்ளே வந்தவர்கள் ஒரே நேரத்தில்தான் வெளியேயும் போவார்கள். அந்த இடங்களை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியிருந்தால் அலை தணிந்திருக்கும். செய்தது என்னவென்றால், பல ஆண்டு எடுக்காமல் இருப்பது, பஸ் நிற்கத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் எடுப்பது, மறுபடி நிறுத்திவிடுவது. ஒவ்வொரு மொத்த ஆள்சேர்ப்பும் முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் இன்னொரு மொத்த ஓய்வுக்கு நாள் குறித்துவிடுகிறது. எங்கள் டிப்போவில் ஓர் ஆண்டு ஒரே மாதத்தில் பதினான்கு பேருக்கு மாலை போட்டோம். வாங்கி வைத்த சால்வை போதாமல் கடைக்கு ஆள் அனுப்பியது நினைவிருக்கிறது.

இடையில் ஒரு நல்ல வாய்ப்பும் கிடைத்தது. 2020 மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. விளைவு, 2020 மே மாதக் கடைசியில் போக வேண்டியவர் 2022 மே மாதக் கடைசியில்தான் போனார். நடுவில் இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வால் யாருமே போகவில்லை. பெருந்தொற்றும் கடன் சுமையும் அழுத்திய காலம் அது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் விளம்பரம், தேர்வு, பயிற்சி எல்லாவற்றையும் முடித்து ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ள அவ்வளவு வசதியான இடைவெளி இனிக் கிடைக்காது. ஓய்வைத் தள்ளிப்போட்டதையே ஆள் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டதால், 2022-ல் கதவு திறந்தபோது பின்னால் நிற்க ஆள் இல்லை.

2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து 3,274 ஓட்டுநர்-நடத்துநர் (இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கும்) பணியிடங்களுக்கு விளம்பரம் வந்தது. கும்பகோணம் கழகத்துக்கு மட்டும் 756 இடங்கள். அந்த விளம்பரத்தில் கேட்ட தகுதிகளைப் பாருங்கள்: பத்தாம் வகுப்பு, கனரக வாகன உரிமம், அதில் பதினெட்டு மாத அனுபவம், கூடவே நடத்துநர் உரிமம், வயது 24 முதல் 40 வரை, சில பிரிவினருக்குச் சலுகை. இதில் ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது. முப்பத்து மூன்று வயதில் எல்லா உரிமங்களோடும் காத்திருந்த ஒருவருக்கு, எட்டு ஆண்டு விளம்பரமே வராமல் இருந்தால் வயது தாண்டிவிடுகிறது. அவர் நன்றாக ஓட்டுகிறவர், ஊரில் மதிப்புள்ளவர், லாரியில் இரவெல்லாம் விழித்தவர். தப்பு எதுவும் செய்யாமல் ஒரு தலைமுறை தகுதி இழக்கிறது. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை, ஆண்டுதோறும் ஆள் எடுப்பது. நூறு வண்டி டிப்போவுக்கு ஆண்டுக்கு எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ போதும். பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதைப் போல ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதி வர வேண்டும். ஒப்புதல், விளம்பரம், சான்றிதழ் சரிபார்ப்பு, ஓட்டுநர் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி என்று கோப்பு நகர்ந்து ஒரு புதிய ஓட்டுநர் தனியாக வண்டி எடுக்க, என் அனுபவத்தில் ஒன்றரை ஆண்டு ஆகிறது. 2028 மே மாதம் காலியாகும் இடத்துக்கு 2026 கடைசியிலேயே கோப்பு கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். காலியிடம் விழுந்த பிறகு நிரப்பும் அனுமதியைக் கேட்கும் நடைமுறை இருக்கிறவரை ஒன்றரை ஆண்டுப் பற்றாக்குறை நிரந்தரமாகவே இருக்கும். நிதித்துறையின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. 2018 ஜனவரியில்தான் கடைசியாகக் கட்டணத்தை உயர்த்தினார்கள். டீசல் விலை அங்கேயே நிற்கவில்லை. நஷ்டத்தில் ஓடும் கழகத்தில் புதிய ஆள் என்றால் சம்பளம், வைப்பு நிதி, விடுப்பு எல்லாம் செலவாகத் தெரியும். டபுள் டியூட்டிப் பணம் மலிவாகத் தெரியும். ஆனால் ரத்தான நடையின் வசூலும், தூக்கமில்லாத ஓட்டுநரின் விபத்து இழப்பீடும், பஸ்ஸை நம்பாமல் இருசக்கர வாகனம் வாங்கிவிட்ட பயணியும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஓய்வைத் தவிர இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அது ஓட்ட நேரம். ஒரு நகரத் தடத்தில் ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் என்று பழைய கால அட்டவணை சொல்கிறது; எட்டு மணி நேரத்தில் எட்டு நடை. இன்று சிக்னலும் மேம்பால வேலையும் மெட்ரோ பள்ளமும் சேர்ந்து அதே நடைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அதே எட்டு நடைக்குப் பத்து மணி நேரம். ஒரு பஸ்கூடக் கூடவில்லை, ஒரு நடைகூடக் கூடவில்லை. ஆனால் நூறு ஓட்டுநர் செய்த வேலைக்கு நூற்று இருபத்தைந்து பேர் தேவைப்படுகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் பஸ் ஏறுகிறார்கள். என் மனத்துக்கு மிகவும் நிறைவான திட்டம் அது. கூட்டம் ஏறி இறங்க நிறுத்தத்தில் கூடுதல் நேரமும் ஆகும். அந்த நேரத்துக்கும் ஆள் வேண்டும். கால அட்டவணையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உண்மையாக அளந்து திருத்தினாலே ஆள் தேவையின் பாதிப் புதிர் விடுபட்டுவிடும். திருத்தாவிட்டால், ஓட்டுநர் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அந்த இரண்டு மணி நேரத்தைத் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறார். பத்து ஆண்டு கழித்து அவரே இலகுப் பணிப் பட்டியலுக்கு வருகிறார்.

இடம் அறிவித்தால் ஆள் வருமா என்பது அடுத்த கேள்வி. விண்ணப்பம் குவியும், சந்தேகமில்லை. ஆனால் தேர்ந்த கனரக ஓட்டுநருக்கு இன்று கன்டெய்னர் லாரி இருக்கிறது, கல்லூரிப் பஸ் இருக்கிறது, வளைகுடா நாடு இருக்கிறது. அவரை இங்கே இழுத்துவந்தது எப்போதும் சம்பளத்தின் அளவு மட்டுமில்லை. நிலையான வேலை, கடைசியில் ஓய்வூதியம், கையில் மொத்தமாக ஒரு தொகை, மகள் கல்யாணம். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி நிலுவையும் காலிப் பணியிடங்களும் 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இருந்தன. ஓய்வு பெற்ற பெரியப்பா தன் பணிக்கொடைக்காக அலுவலகப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பையன், அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்ள இரண்டு முறை யோசிப்பான். ஓய்வு பெறுகிறவருக்கு அன்றைக்கே பணத்தைக் கொடுப்பது ஆள்சேர்ப்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த விளம்பரத்துக்கும் அந்த வலு வராது.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் முதல் பெண் அரசுப் பஸ் ஓட்டுநரான வசந்தகுமாரி 1993-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றார். ஒருவர் வந்து, ஒரு முழுப் பணிக்காலம் ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை உருவாகியிருக்க வேண்டும், உருவாகவில்லை. திறமைக் குறைவா? இல்லவே இல்லை. பெரும்பாலான பஸ் நிலையங்களில் ஒரு பெண் ஊழியர் பயமில்லாமல் போய்வரக்கூடிய கழிப்பறை கிடையாது. இரவுத் தங்கல் வண்டியில் ஊர்க் கோடியில் படுக்கப் பாதுகாப்பான அறை கிடையாது. ஆண்களே பஸ்ஸின் இருக்கையில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்துப் படுக்கிறார்கள். மக்கள்தொகையில் பாதிப் பேரை ஒதுக்கி வைத்துவிட்டு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன், ஒவ்வொரு முனையத்திலும் ஒரு பூட்டுள்ள கழிப்பறை, ஒரு குழாய், ஒரு விளக்கு. ஐந்தாண்டு ஆள் திட்டத்தில் இந்தச் சிமெண்ட் வேலையும் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டுநரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பணிமனைக்குள் வாருங்கள். எங்கள் டிப்போவில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது சிலிண்டர்" என்பார். பிரித்தால் மூன்றாவது சிலிண்டராகவே இருக்கும். அவர் ஓய்வு பெற்ற நாள் எல்லோருக்கும் தெரிந்த நாள். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள, போவதற்கு மூன்று ஆண்டு முன்பே ஒருவரைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் போய் ஒரு மாதத்தில், அவர் அரை மணியில் கண்டுபிடிக்கும் கோளாறுக்கு இரண்டு நாள் வண்டி நின்றது.

இதில் வேதனை என்னவென்றால் இளைஞர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் தொழில் பழகுநர்களாக வந்து, ஓர் ஆண்டு கிரீஸ் பூசி, நட்டு இறுக்கி, வேலை பழகிய நேரத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருகிறவரைவிடத் தொழில் பழகியவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆள் திட்டத்துக்கு அதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டுமா? ஓய்வுப் பட்டியலையும் பழகுநர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அடுத்த மூன்று ஆண்டில் ஆறு எலக்ட்ரீஷியன்கள் போகிறார்கள் என்றால், இந்த ஆண்டு எலக்ட்ரீஷியன் பிரிவில் எத்தனை பழகுநர் என்பது தானாக வந்துவிடும்.

அந்த எலக்ட்ரீஷியனுக்கு இனி வேலை வேறு மாதிரி. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புதிய புகை வரம்பு விதிப்படியான இன்ஜின் வந்ததும் கோளாறைக் காதால் கேட்பது குறைந்து, கணினியைச் செருகிப் படிப்பது கூடியது. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து சென்னையின் 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. அவற்றில் ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் அழுத்தக் கேபிளைத் தொடுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்து, மின்காப்புக் கையுறை போட்டு, மின்சாரம் இல்லை என்று அளந்து பார்க்க வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு இது புதிய பள்ளிக்கூடம். நாற்பத்தைந்து வயது மெக்கானிக்கால் கற்றுக்கொள்ள முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய டீசல் பம்ப் காலத்தில் வந்து பி.எஸ். 6 வரை கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவருக்கு நேரமும் ஆசிரியரும் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மின்சாரப் பஸ்களில் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை. நடத்துநர் மட்டும் கழகத்தின் ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். மூலதனம் போட முடியாத கழகத்துக்கு இது தேவைப்படுவதை நான் எதிர்க்கவில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: ஆள் பற்றாக்குறைக்கு இது மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுநர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. ஒப்பந்த நிறுவனமும் அதே சந்தையில்தான் தேடுகிறது, பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு. மும்பையில் பெஸ்ட் நிறுவனத்துக்கு வாடகைக்கு ஓடிய பஸ்களின் ஓட்டுநர்கள் 2023 ஆகஸ்டில் சம்பள உயர்வு கேட்டு நாள் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுத்தத்தில் காத்து நின்றவர்களுக்கு அந்த ஓட்டுநர்கள் யாருடைய ஊழியர்கள் என்பது முக்கியமாக இருக்கவில்லை. ஒப்பந்தம் போடும்போதே, கழகத்தின் தொழில்நுட்பப் பணியாளர்கள் அந்தப் பணிமனையில் சுழற்சி முறையில் பயிற்சி பெறும் உரிமையை எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும் நாளில் பஸ் நம் கைக்கு வரும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரும் நம்மிடம் இருக்க மாட்டார்.

பயிற்சிக்கு இடம் இல்லாத மாநிலமும் இல்லை இது. தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அதன் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கனரக உரிமம் எடுக்க வசதியில்லாத கிராமத்துப் பையனையும் பெண்ணையும் இருபது, இருபத்தொரு வயதிலேயே எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, இருபத்து நாலு வயதில் வண்டியில் ஏற்றலாம். வெளியே யாரோ லாரி முதலாளி செய்த பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படிப் பயின்றவர் குறைந்தது இத்தனை ஆண்டு பணியாற்றுவார் என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டால் செலவும் வீணாகாது.

நடத்துநர் வேலை என்ன ஆகும் என்றும் பலர் கேட்கிறார்கள். தொலைதூரப் பஸ்களில் ஓட்டுநரும் நடத்துநருமாக இருவேலை தெரிந்த இருவர் மாறி மாறிப் போவது ஏற்கெனவே நடக்கிறது. அங்கே அது பொருந்தும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நாற்பது பேர் ஏறி இறங்கும் நகரப் பஸ்ஸில் நடத்துநர் இல்லாமல் ஓட்டுநரே டிக்கெட் கொடுத்தால் ஓட்ட நேரம் கூடும். முன்பு சொன்ன கணக்குப்படி மிச்சப்படுத்திய நடத்துநருக்குப் பதில் கூடுதல் ஓட்டுநர் தேவைப்படுவார். அட்டையும் செல்போன் டிக்கெட்டும் பழக்கமாகும் தடங்களில் மெதுவாக மாறலாம். மாறும்போது நடத்துநரை வீட்டுக்கு அனுப்பாமல் ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்புவது, கையில் இருக்கும் ஆளையே வளர்ப்பது. தடம், பயணி, ஊர் எல்லாம் தெரிந்தவர் அவர்.

இனி உங்கள் ஒன்பதரை மணி பஸ்ஸுக்கு வருகிறேன். டிப்போ வாசலில் நின்று நேரக் காப்பாளரிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை. அவர் என்னைப் போல யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருப்பவர். பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் டிப்போவைக் குறிப்பிட்டு இந்த நான்கை மட்டும் கேளுங்கள்: தினசரி இயக்க வேண்டிய வண்டிகளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஓட்டுநர் பணி எண்ணிக்கை எவ்வளவு, பதிவேட்டில் உள்ள ஓட்டுநர்கள் எத்தனை பேர், அவர்களில் வேறு பணியில் இருப்பவர்கள் எத்தனை பேர், அடுத்த ஐந்து ஆண்டில் ஆண்டுவாரியாக ஓய்வு பெறுபவர்கள் எத்தனை பேர். முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் தடத்தில் கடந்த ஆறு மாதம் ரத்தான நடைகளின் தேதிப் பட்டியலையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம். பதில் வந்ததும் இங்கே போடுங்கள். எத்தனை ஆள் குறைகிறது, எந்த ஆண்டு இன்னும் மோசமாகும் என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரோடு சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். கூடவே கிளை மேலாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஆள் கேட்டு மேலே எழுத அவருக்கும் அந்தத் தாள் உதவும்.